சபை இடாப்பைக் கொடுத்த கை

2017 நவம்பர் கடைசியில், மழை விட்டிருந்த ஒரு மாலை, எங்கள் படலையில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. வந்தவர்கள் மூவர். அவர்களில் ஒருவர் எங்கள் சபையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர். ஞாயிறு பாடசாலையில் என்னிடம் படித்தவர். விறாந்தையில் உட்கார்ந்து தேநீர் குடித்து முடிக்கும்வரை வெள்ளத்தையும் வெங்காய நடுகையையும் பற்றியே பேசினார்கள். பிறகு விடயத்துக்கு வந்தார்கள். பிரதேச சபைத் தேர்தல் வருகிறது. புதிய சட்டப்படி உறுப்பினர்களில் நூற்றுக்கு 25 பேர் பெண்களாக இருக்க வேண்டும். "இந்த வட்டாரத்தில் உங்களை விட்டால் வேறு யார் இருக்கிறார், ரீச்சர்?" என்றார் என் பழைய மாணவர்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மகிழ்ச்சியால் வரவில்லை என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். எங்கள் ஒழுங்கையில் மின்விளக்குப் போடச் சொல்லி எட்டு ஆண்டுகள் கடிதம் எழுதியவள் நான். மாரி காலத்தில் வாய்க்கால் நிரம்பிப் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள். ஒரு கதிரை கிடைத்தால் கேட்கிற இடத்திலிருந்து செய்கிற இடத்துக்குப் போய்விடலாம் என்று மனம் கணக்குப் போட்டது. விடியுமுன் வேதாகமத்தில் எஸ்தர் ராணியின் வசனமும் வந்துவிட்டது: "இப்படிப்பட்ட காலத்துக்கு உதவியாயிருக்கும்படி" அவளுக்கு ராஜமேன்மை கிடைத்திருக்கலாமே என்று மொர்தெகாய் சொல்லும் இடம். இன்று யாராவது இப்படி ஒரு வசனத்தோடு என்னிடம் வந்தால் நான் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பேன்: நீர் ஏற்கெனவே விரும்பியதற்கு ஒத்துப்போகிற வசனம் எத்தனை மணி நேரத்தில் உமக்குக் கிடைத்தது? எனக்கு ஓர் இரவு போதுமாக இருந்தது. அவ்வளவு விரைவில் கிடைத்ததை இரண்டு கிழமையாவது ஆறவிட்டிருக்க வேண்டும்.

அப்போது நான் பதினொரு ஆண்டுகளாகச் சபைச் செயலாளர். சபை இடாப்பு, அதாவது உறுப்பினர் பதிவேடு, என் பொறுப்பில் இருந்தது. தையல் இயந்திரத் திட்டமும் என் கையில்தான் இருந்தது. கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் எங்கள் சபைப் பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் ஒன்பது பெண்களுக்கு இயந்திரம் வாங்கிக் கொடுத்திருந்தோம். ஒன்பது பேரில் ஆறு பேர் சைவர்கள். யாரையும் மதம் கேட்டுக் கொடுப்பதில்லை என்பதில் எனக்குப் பெரிய பெருமை உண்டு.

நியமனப் பத்திரத்தில் கையொப்பம் வைத்த பின் என் மாணவர் திரும்பவும் வந்தார். 2018 இல் நடந்தது வட்டார முறையும் விகிதாசாரமும் கலந்த புதிய முறைத் தேர்தல். நூற்றுக்கு 60 உறுப்பினர்கள் வட்டாரங்களிலிருந்து வருவார்கள். ஒரு வட்டாரத்தில் சில நூறு வாக்குகள் முடிவையே புரட்டிவிடும். அவர் கேட்டது ஒரு சின்ன உதவி: "நம்முடைய ஆட்களின் விபரம் இருந்தால் வீடு வீடாகப் போக வசதி, ரீச்சர்." நானே சந்திக்குப் போய் இடாப்பை நிழற்படப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். இருபத்தாறு பக்கங்கள்.

அந்தப் பக்கங்களில் இருந்தவை வெறும் பெயர்கள் அல்ல. எந்த வீட்டில் யாருக்கு நீரிழிவு, யாருடைய மகன் எந்த நாட்டில், எந்தத் தம்பதி பிரிந்திருக்கிறார்கள், யாருக்கு எந்த மாதம் உலர் உணவு கொடுத்தோம் என்பதெல்லாம் ஓரங்களில் என் கையெழுத்தில் இருந்தன. ஜெபத்தில் நினைவுகூர்வதற்காக எழுதி வைத்தவை. ஒரு கிழமைக்குள் வயதான மூப்பர் ஒருவர் ஆராதனை முடிந்து என்னை நிறுத்தி, "என் மகன் பாரிஸில் வேலையில்லாமல் இருப்பது அந்தப் பொடியனுக்கு எப்படித் தெரியும், பிள்ளை?" என்று கேட்டார். நான் தெரியாது என்றேன். ஆலய வாசலில் நின்று பொய் சொன்னேன்.

ஆனாலும் அது என்னை நிறுத்தவில்லை. நிறுத்தியது வேறொன்று.

இயந்திரம் பெற்றவர்களில் ஒரு தங்கச்சி, கடைசி ஒழுங்கையில் தாயோடும் தம்பியோடும் இருப்பவள். அவளுடைய கணவர் 2009 இல் வன்னியில் காணாமல் போனவர். அவள் ஒவ்வொரு நாளும் குங்குமப் பொட்டு வைப்பாள். அதன் பொருள் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்: அவர் உயிரோடு இருக்கிறார், வருவார். அந்தப் பொட்டைப் பற்றி யாரும் அவளிடம் பேசுவதில்லை. 2018 தை மாதம், பொங்கல் முடிந்த ஞாயிறு, அவள் எங்கள் ஆலயத்தின் கடைசி வாங்கில் வந்து இருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. எனக்கு அப்போது தோன்றியதையும் எழுதத்தான் வேண்டும்: ஓர் ஆத்துமா வந்து சேர்ந்தது என்று மகிழ்ந்தேன்.

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தாள். கதிரையில் உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினாள்.

"அக்கா, எங்கள் வீட்டு மூன்று வாக்கும் உங்களுக்குத்தான். மெஷினைத் திருப்பி எடுத்துவிடாதீர்கள்."

"எடுப்பதாக யார் சொன்னது?"

"ஒருவரும் சொல்லவில்லை அக்கா. சொல்ல வேண்டுமா?"

பொட்டைப் பற்றிக் கேட்டேன். கேட்கத்தான் முடியவில்லை, ஆனாலும் கேட்டேன். "உங்கள் கோயிலில் அதோடு வந்து இருந்தால் உங்களுக்குப் பிடிக்காது என்று நினைத்தேன்" என்றாள். கண்கள் நிலத்தைப் பார்த்தபடி இருந்தன.

நான் அவளை ஒருபோதும் மிரட்டவில்லை. வாக்குக் கேட்டு அவள் வீட்டுக்குப் போகக்கூட இல்லை. உதவி கொடுத்த கையும் வாக்குக் கேட்கும் கையும் ஒன்றாக இருந்தது, அது போதுமாக இருந்தது. கணவர் உயிரோடு இருக்கிறார் என்று உலகத்துக்குச் சொல்ல அவளிடம் இருந்த ஒரே அடையாளத்தை எனக்காக, என் ஆண்டவருக்காகக்கூட அல்ல, எனக்காக அழித்துவிட்டு வந்திருக்கிறாள்.

அவள் போன பிறகு, என் அப்பா சின்ன வயதில் சொன்ன ஒரு கதை நினைவுக்கு வந்தது. பறங்கியர் (போர்த்துக்கேயர்) காலத்தில், விரத நாளில் வாழையிலையில் சாப்பிட்டால் பிடித்துத் தண்டிப்பார்கள் என்று பயந்து, சாப்பிட்ட இலையைக் கூரைக்குள் செருகி மறைத்து வைப்பார்களாம். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. அப்பா அதைச் சொல்லிவிட்டு, "செருகியவர்களும் நம்முடைய ஆட்கள்தான், பிடித்துக் கொடுத்தவர்களும் நம்முடைய ஆட்கள்தான்" என்பார். அவருடைய பாட்டனார்தான் எங்கள் குடும்பத்தில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்.

சங்கானைத் தெருவோரத்தில் கூரையில்லாமல் நிற்கும் முருகைக்கல் ஆலயத்தைப் பார்த்திருப்பீர்கள். எத்தனையோ முறை அதைக் கடந்து பஸ்ஸில் போயிருக்கிறேன். அந்தச் சுவர்கள் சொல்லும் வரலாறு எங்கள் பிரசங்கங்களில் வருவதில்லை. 1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள். நல்லூர்க் கோயிலை இடித்தார்கள். 1658 இல் ஒல்லாந்தர் வந்தார்கள். அவர்கள் என் சபை மரபுக்கு உறவான சீர்திருத்தச் சபையார். அவர்கள் காலத்தில் அரச உத்தியோகம் வேண்டுமானால் ஞானஸ்நானம் வேண்டும். திருமணத்தைப் பதிவதும் ஆலயப் பாடசாலைத் தோம்பு என்ற பதிவேட்டில்தான். பதியாவிட்டால் பிள்ளையின் முதுசத்துக்கே சிக்கல். ஊருக்கு ஊர் ஆலயம், ஆலயத்துக்கு ஒரு பாடசாலை, ஆயிரமாயிரமாகப் பெயர்கள். 1795 இல் கோட்டை பிரித்தானியர் கைக்குப் போனது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை கோயில்களுக்குத் திரும்பிவிட்டன. யாரும் அவர்களை விரட்டவில்லை. கட்டாயம் போனது, அவர்களும் போனார்கள்.

அதே ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்திருந்தார்கள். 1687 இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் என்ற குருவானவர் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலையில் இரகசியமாகத் தங்கி, இரவுகளில் வீடு வீடாகப் பூசை செய்தார். கையில் ஒரு பதவி இல்லை, கொடுக்க ஓர் உத்தியோகம் இல்லை. அவரிடம் போனால் கிடைக்கக்கூடியது தண்டனைதான். பிறகு அவர் கண்டிக்குப் போனபோது ஒற்றன் என்று சிறையில் அடைக்கப்பட்டார். கடைசியில் அவருக்கு ஊழியம் செய்ய இடம் கொடுத்தவர் ஒரு பௌத்த மன்னர். 2015 ஜனவரி 14 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தபோது சில்லாலையிலும் மணி அடித்திருப்பார்கள். நான் கத்தோலிக்கப் பெண் அல்ல. ஆனால் உத்தியோகத்தோடு வந்த என் மரபுச் சபை காற்றில் போனதும், ஒளித்து வைத்த அந்தச் சபை இன்றுவரை நிற்பதும் என்னை அந்த இரவு மிகவும் அலைக்கழித்தன. பறங்கியர் இலையைக் கூரையில் செருக வைத்தார்கள். நான் ஒரு பொட்டை அழிக்க வைத்தேன்.

அடுத்த நாள் செய்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அவள் வீட்டுக்குப் போய், இயந்திரம் அவளுக்கே சொந்தம் என்று செயலாளர் கையொப்பத்தோடு எழுதிக் கொடுத்தேன். மற்ற எட்டுப் பேருக்கும் அப்படியே. வாக்கு இரகசியம், யாருக்குப் போட்டாய் என்று என்னிடம் ஒருபோதும் சொல்லாதே என்றேன். போதகர் ஐயாவிடம் இடாப்புக் கதையைச் சொல்லிச் செயலாளர் பதவியிலிருந்து விலகினேன். அந்த மூப்பரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கட்சிக்காரரிடம் பிரதியைத் திருப்பிக் கேட்டேன், கொடுத்தார்கள். அதற்குள் அது எத்தனை தொலைபேசிகளில் ஏறியிருந்தது என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். நியமனப் பத்திரத்தை மீளப் பெற முடியாது, ஆகவே பெயர் வேட்பாளர் பட்டியலில் இருந்தது. நான் வாக்குக் கேட்டுப் போகவில்லை.

பெப்ரவரி 10 தேர்தல் நடந்தது. எங்கள் வட்டாரம் தோற்றது. மனந்திரும்பிய பிறகு அந்தத் தோல்வி வலிக்கக் கூடாதுதானே? வலித்தது. எத்தனை வாக்குகளால் என்று கூட்டிக் கழித்துப் பார்த்தேன். சில நாட்களில், பெண்களின் எண்ணிக்கையை நிரப்பப் பட்டியல் வழியாக ஓர் ஆசனம் தருவதாக என் மாணவர் வந்து சொன்னபோது, பதில் சொல்ல எனக்கு மூன்று நாட்கள் பிடித்தன. இயேசுவைப் பிடித்துக்கொண்டுபோய் ராஜாவாக்க மனதாயிருக்கிறார்கள் என்று அறிந்து அவர் தனியே மலைக்கு விலகிப்போனதை யோவான் ஒரே வசனத்தில் முடித்துவிடுகிறார். எனக்கு அந்த ஒரு வசனத்தின் நீளம் மூன்று நாட்கள். வேண்டாம் என்றேன். ஒழுங்கை விளக்கைப் பிறகு பிரதேச சபையில் இருந்த வேறொரு கட்சி உறுப்பினர் போட்டுவித்தார். அவருக்கு நான் நன்றி சொன்னேன்.

கிறிஸ்தவர்கள் அரசியலுக்குப் போகக் கூடாது என்று நான் சொல்ல வருவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தெல்லிப்பழையில் வளர்ந்த தமிழ் அரசியல் தலைவர் செல்வநாயகம் ஆழமான கிறிஸ்தவர். சைவப் பெரும்பான்மை மக்கள் அவரைத் தந்தை என்று அழைத்தார்கள். அவர் தம் சபையின் இடாப்பை வைத்து அந்த இடத்துக்கு வந்தவர் அல்ல. 1948 இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தபோது, தம் தொகுதியில் ஒரு வாக்கும் கூடாத அந்த விடயத்துக்காகத் தம் கட்சித் தலைமையோடு முரண்பட்டார். 1972 அரசியலமைப்பை மறுத்துத் தம் ஆசனத்தையே துறந்து, மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள் என்றார். இடைத்தேர்தல் 1975 இல்தான் வைக்கப்பட்டது. கையில் இருந்ததை விடத் தெரிந்தவர். எனக்கு அது தெரியவில்லை என்பதே என் கதை.

விலகிய பின் இரண்டு ஆண்டுகளாக ஒரு வேலையில் விடாமல் நின்றேன்: சபைக்கு எழுத்தில் ஒரு நடைமுறை வேண்டும் என்பது. எளிதில் நடக்கவில்லை. ஒரு மூத்த அண்ணர் கூட்டத்தில் எழும்பிக் கேட்டார்: "நாங்கள் சின்னக் கூட்டம். எங்களுக்கென்று ஒருவர் உள்ளே இல்லாவிட்டால் சேமக்காலை மதிலுக்குக்கூட யார் பேசுவார்?" இதை நான் இலேசாக எடுக்கவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு, படையினர் வாசலில் பையைச் சோதிக்க நாங்கள் ஆராதனைக்குள் போன அந்த மாதங்களில், இந்தக் கேள்வி இன்னும் பலமாக வந்தது. பலமான ஒருவர் வந்து எங்களைக் காக்க வேண்டும், மற்றவர்களை அடக்க வேண்டும் என்று ஜெபக்கூட்டத்திலேயே பேசினார்கள். எனக்கு 1990 ஒக்ரோபர் ஞாபகம் வந்தது. எங்கள் பட்டணத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள் ஆயுதம் வைத்திருந்தவர்கள். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. என்னோடு படித்த ஒருத்தியும் அதில் போனாள். நாங்கள் படலையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தோம். ஒரு கூட்டத்துக்கு மட்டும் அரணாக நிற்கும் பலம் பக்கத்து வீட்டுக்கு என்ன செய்யும் என்பதை நாங்கள் கண்ணால் கண்ட ஊர் இது.

அந்த அண்ணருக்கு நான் சொன்ன பதில் வேறு. இந்த நாட்டின் அரசியலமைப்பில் 9 ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. அதைப் பற்றி எங்கள் வீடுகளில் எவ்வளவு குறைப்படுகிறோம். அடுத்த 10 ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் ஒவ்வோர் ஆளுக்கும் சுதந்திரம் தருகிறது. மற்றப் பல உரிமைகளுக்கு 15 ஆம் உறுப்புரை வரையறை போடுகிறது, இதற்குப் போடவில்லை. எங்களைக் காப்பது அந்த 10. அரசாங்கம் ஒரு மதத்தின் பக்கம் சாய்வது பிழை என்று சொல்லும் வாய், ஒரு வட்டாரத்துக்குள் தையல் இயந்திரத்தை வைத்து அதையே செய்தால், 10 ஆம் உறுப்புரையை எந்த முகத்தோடு போய்க் கேட்பது? அவர் பதில் சொல்லவில்லை. எதிர்த்தும் வாக்களிக்கவில்லை.

இப்போது எங்கள் சபையில் இருப்பவை இவை. தேர்தலில் நிற்க விரும்புகிறவர் நியமனப் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் எல்லாச் சபைப் பதவிகளையும் விட வேண்டும். தேர்தல் முடிந்து ஓர் ஆண்டுவரை திரும்ப எடுக்க முடியாது. ஓர் ஆண்டு நீளம் என்று முறுமுறுத்தார்கள், என் அனுபவத்தில் அது குறைவு. இடாப்பில் ஓரக் குறிப்புகள் இல்லை. நோயும் குடும்பக் கவலையும் போதகர் ஐயாவின் தனிக் கொப்பியில் இருக்கும், ஆண்டு முடிவில் அந்தக் கொப்பி எரிக்கப்படும். உதவியாகக் கொடுக்கும் பொருள் எதுவானாலும், அன்றே பெறுபவரின் சொந்தம் என்ற எழுத்தோடு போகும். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து முடியும்வரை புதிய உதவி கொடுப்பதில்லை, மருந்தும் அவசர உணவும் தவிர. மண்டபத்தை எந்தக் கட்சிக்கும் கொடுப்பதில்லை. எல்லாக் கட்சிக்கும் ஒரே வாடகைக்குக் கொடுக்கலாமே என்று வாதிட்டுப் பார்த்தோம். ஆனால் யார் முதலில் கேட்டார், யாருக்கு எந்த நாள் என்பதிலேயே சாய்வு வந்துவிடும் என்று கண்டோம். ஆராதனையில் வேட்பாளர் எல்லோருக்காகவும் பெயர் சொல்லாமல் ஜெபிப்போம். வழிபாட்டுக் கூட்டத்தில் தேர்தல் முடிவை நோக்கிப் பேசுவது நாட்டின் பாராளுமன்றத் தேர்தல் சட்டப்படியே தகாத செல்வாக்கு என்ற குற்றம். எங்களில் பலருக்கு அது அன்றுவரை தெரியாது.

இவை எல்லாம் எழுதி வைக்கக் கூடியவை. எழுத முடியாத ஒன்றும் உண்டு; அதை, உதவி கொடுக்கும் வேலையைச் செய்யும் இளையவர்களுக்கு நான் தனியே சொல்வேன். நீர் ஒருவருக்கு ஏதாவது கொடுக்கும்போது, அவர் உமக்கு "முடியாது" என்று சொல்லக்கூடிய ஒரு விடயத்தை வேண்டுமென்றே கேட்டுப் பாரும். அவர் தயங்கித் தயங்கி எல்லாவற்றுக்கும் ஓம் என்றால் உம்முடைய கொடையில் எங்கோ கயிறு இருக்கிறது. "இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்ற வசனத்தை எத்தனை சுவர்க் கலண்டர்களில் பார்த்திருக்கிறோம். தட்டுகிறவர் உள்ளே இருப்பவர் திறக்காமல் இருக்கவும் விடுகிறார் என்பதை நான் ஐம்பத்து மூன்று வயதில்தான் படித்தேன்.

அந்தத் தங்கச்சி அதன் பிறகு எங்கள் ஆலயத்துக்கு வரவில்லை. பொட்டு திரும்பவும் வந்துவிட்டது. முதல் ஓர் ஆண்டு என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவாள். இறங்க வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டு தைப்பொங்கலுக்குப் புக்கை கொண்டுவந்து தந்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள்.

போன ஆண்டு ஞாயிறு பாடசாலை விழாவுக்குப் பிள்ளைகளுக்கு இருபது உடுப்புத் தைக்க வேண்டியிருந்தது. துணியை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். படலையில் நின்று சைக்கிள் மணியை அடித்தேன். ஈரத் தலையோடு, திருநீறும் பொட்டுமாக வந்தாள். துணியைப் பிரித்துப் பார்த்தாள், நல்ல துணி என்றாள், மடித்து என் கையிலேயே திருப்பித் தந்தாள்.

"நல்லூர் கொடியேறிவிட்டது அக்கா. இருபத்தைந்து நாளும் நான் ஊசி தொடுவதில்லை. வேறு யாரையாவது பாருங்கள்."

துணியைச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு சந்திப் பக்கம் திரும்பினேன். அங்கே ஒரு தையற்காரர் இருக்கிறார்.